புத்தகத்தை அதன் வேலையில் வைத்துப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். படித்த நாவல்களைப் பற்றி மூன்று வருடமாக எழுதிவருகிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு மாத இதழிலிருந்து, புது நூல்களுக்கு மதிப்புரை எழுதச் சொல்லி ஒரே பார்சலில் ஐந்து புத்தகங்கள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் வரலாறு, சிறுதானியச் சமையல், ஒரு சிறுவர் கதை. நாவலைத் தவிர மற்றவற்றைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எல்லாவற்றையும் முழுக்கப் படித்தே ஆக வேண்டுமா? ஊர் வரலாற்றை எழுதியவர் எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு அண்ணன் மாதிரி. புத்தகம் சுமாராக இருந்தால் எப்படி எழுதுவது? இதற்கிடையில் எழுத்தாளர் ஒருவர், பணம் தருகிறேன், என் புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள் என்கிறார். வாங்கலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

பார்சலைப் பிரித்ததும் வரும் அந்தப் பயம் எனக்குப் பழக்கம். இருபத்திரண்டு வருடமாக ஒரு இதழின் புத்தகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் வருவதால், தமிழில் ஒரு வருடத்துப் புத்தகங்களில் பெரும்பங்கு டிசம்பரில்தான் அச்சகத்தை விட்டு வெளியே வருகின்றன. மதரசா-ஐ-ஆசம் பள்ளியில் 1977-ல் தொடங்கிய காட்சி இன்று நந்தனம் மைதானத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மார்கழி முடிவதற்குள் என் மேசையில் கட்டுக் கட்டாக ஏறிவிடும். நாவலுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்து, அதற்கடுத்து பங்குச்சந்தை, அடியில் ஒரு பிள்ளைத்தமிழ். எல்லாவற்றிலும் தேர்ந்தவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றைப் பற்றியும் யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால், இதழுக்கு வந்த நூல்களின் பெயரை மட்டும் போடும் 'வரப்பெற்றோம்' பட்டியலில் ஒரு வரியாக வந்து, அத்தோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்துவிடும்.

தகுதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது எது என்று பார்ப்போம். நம்மூரில் அறிமுகம், மதிப்புரை, விமர்சனம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்வது அறிமுகம். ஒரு படைப்பை மொழியின் மொத்த இலக்கியத்துக்குள் வைத்து எடை போடுவது விமர்சனம். அதற்கு வருடக்கணக்கான படிப்பு வேண்டும். மதிப்புரை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முந்நூறு ரூபாயும் நான்கு மாலைப் பொழுதும் இந்தப் புத்தகத்துக்குத் தரலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு, அவருக்கு முன்னால் அதைக் கவனமாகப் படித்த ஒருவர் சொல்லும் சாட்சி அது. உங்களிடம் இதழ் கேட்பது இந்தச் சாட்சியைத்தான். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று காட்ட வேண்டும். விடைக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் வழிமுறையையும் பார்க்கிற கணித ஆசிரியைக்கு இது புதிதல்ல.

எந்த வகை நூலானாலும் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புத்தகம் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வேலையில் வைத்துப் பார்ப்பேன்.

சமையல் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். நிறையப் பேர் அலட்சியமாகக் கடந்து போகிற வகை அது. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி, சிறுதானியச் சமையல் நூல்கள் மழை மாதிரிக் கொட்டின. அப்படி வந்த ஒன்றை நாற்காலியில் உட்கார்ந்து புரட்டிவிட்டு, 'இல்லத்தரசிகளுக்கு நல்ல கையேடு' என்று நானும் எழுதியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிலிருந்த குதிரைவாலி வெண்பொங்கலைச் செய்து பார்த்தேன். ஒரு டம்ளர் குதிரைவாலிக்கு ஆறரை டம்ளர் தண்ணீர், நான்கு விசில் என்று போட்டிருந்தது. குக்கரைத் திறந்தால் பொங்கல் இல்லை, கஞ்சி. மிளகும் சீரகமும் மேலே மிதந்துகொண்டிருந்தன. அடுத்த வாரம் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துச் செய்தேன், குழைவாக நன்றாகவே வந்தது. அதையே அப்படியே மதிப்புரையில் எழுதினேன். இதழ் வந்த நான்காம் நாள் நூலை எழுதிய அம்மா போன் செய்தார். "நான் மூன்றரைன்னுதான் எழுதிக் கொடுத்தேன், ஆறரைன்னு அச்சாயிருக்கு. நீங்க சொல்ற வரைக்கும் யாருமே சொல்லலையே" என்றார். அந்தப் புத்தகத்துக்கு அதற்கு முன் வந்த மதிப்புரைகளை எழுதியவர்களில் ஒருவர்கூட அடுப்பைப் பற்ற வைக்கவில்லை என்றுதானே இதற்குப் பொருள்.

ஆகவே உங்களிடம் வந்திருக்கும் சமையல் நூலில் இரண்டு பதார்த்தம் செய்யுங்கள். ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, இன்னொன்று நீங்கள் கேள்விப்படாதது. தெரிந்ததில் ஆசிரியரின் கணக்கு சரியா என்று தெரியும், தெரியாததில் அவர் சொல்லித்தரும் விதம் தெரியும். 'கப்' என்று போட்டிருந்தால் எத்தனை மில்லி என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா பாருங்கள். ஊற வைக்கும் நேரம் செய்முறையின் நடுவில் திடீரென்று வருகிறதா, முதலிலேயே சொல்லப்படுகிறதா? இந்தத் தானியம் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்கிற மாதிரி வாக்குறுதிகள் இருந்தால், அதற்கு என்ன ஆதாரம் காட்டியிருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். அங்கே மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடும்.

சிறுவர் நூலை ஒரு குழந்தையோடு உட்கார்ந்து படியுங்கள். எங்கள் மாடி வீட்டில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், என் சிறுவர் நூல் மதிப்புரைகளில் பாதி அவளுடையது. வற்றிப்போன குளத்தைப் பற்றிய கதை ஒன்றை அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். நான் அதை ஏற்கெனவே இரண்டு முறை படித்துக் குறிப்பும் எடுத்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்து, "தண்ணியே இல்லன்னு சொல்றீங்க, இதுல நிறைய இருக்கே" என்றாள். படத்தில் குளம் தளும்பிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எழுத்தைப் படிக்கிறோம், ஆறு வயதுக்காரர்கள் படத்தைப் படிக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் எழுந்து போனாள், எதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவு, வரியின் நீளம், எந்த வயதுக்கு என்று பின்னட்டையில் போட்டிருப்பது உண்மையிலேயே அந்த வயதுக்குத்தானா என்பதெல்லாம் தானாக வெளியே வரும். ஓவியரின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்மிடம் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது, பாதிப் புத்தகத்தைச் செய்தவரின் பெயரே மதிப்புரையில் இருக்காது.

கவிதைத் தொகுப்புதான் பலரையும் பயமுறுத்துகிறது. பயத்தில் கவிஞரின் வரிகளையே உரைநடையாக மாற்றி எழுதிவிட்டு, அதை மதிப்புரை என்கிறோம். அது வேண்டாம். முதல் நாள் எல்லாக் கவிதைகளையும் வாய்விட்டு வாசியுங்கள், நடுவில் குறிப்பெடுக்காமல். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமலே எது நினைவில் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்று கவிதை நின்றால் அது நல்ல தொகுப்பு. அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் நின்றது என்று யோசியுங்கள். எனக்கு உதவுகிற சோதனை ஒன்று உண்டு. ஒரு கவிதையை வரி உடைக்காமல் நீட்டி, ஒரே பத்தியாக எழுதிப் பார்ப்பேன். அப்படி எழுதியதில் எதுவும் குறையவில்லை என்றால், அந்த வரி உடைப்பு வெறும் அலங்காரம். ஏதோ ஒன்று செத்துப்போகிறது என்றால், செத்தது எது என்பதைத்தான் மதிப்புரையில் சொல்ல வேண்டும். இன்னொன்று, நீங்கள் கணக்கு டீச்சர், எண்ணுங்கள். 'மௌனம்' எத்தனை முறை, 'நிசப்தம்' எத்தனை முறை, மழை எத்தனை கவிதையில் பெய்கிறது. ஒரு தொகுப்பில் எண்பது பக்கத்துக்குள் முப்பத்தெட்டு முறை மௌனம் வந்தது. எண்ணைச் சொன்னால் போதும், வேறு குறையே சொல்ல வேண்டாம்.

தமிழில் புதுக்கவிதை நிலைபெற்றதும் விமர்சனம் கறாரானதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடந்தவை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் அந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது. அந்தக் கவிதைகள் புரியவில்லை என்று சொன்னவர்களுக்கு, கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து எழுதியே பதில் சொன்னார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் பழைய தொகுப்பு கிடைத்தால் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

மொழிபெயர்ப்பு நாவலில் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் 'மொழிபெயர்ப்பு சரளமாக இருக்கிறது' என்று ஒரு வரி சேர்ப்பது நம் வழக்கம். அந்த ஒரு வரிதான் மதிப்புரையின் முதுகெலும்பாக இருக்க வேண்டியது. பதிப்பு விவரங்கள் அச்சிட்டிருக்கும் உரிமைப் பக்கத்தைத் திறந்து மூலத்தின் பெயர், மொழி, முதலில் வெளிவந்த வருடம் இருக்கின்றனவா பாருங்கள். மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா? மராத்தி நாவலாசிரியர் காண்டேகரை கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தார், வங்க நாவல்களை த.நா. குமாரசாமி வங்காளியிலிருந்தே பெயர்த்தார். இன்று வருவதில் பெரும்பகுதி ஆங்கிலம் வழி வருவதுதான். அது குற்றமல்ல, மறைப்பதுதான் தப்பு. அப்புறம் உரையாடல்களைச் சத்தமாகப் படியுங்கள். 'அவன் தன் தோள்களைக் குலுக்கிக்கொண்டான்' என்று வந்தால், அது தமிழில் என்ன சைகை என்று கேளுங்கள். ஒரு பாட்டி பேரனிடம் பேசும் இடம், ஒருவர் கோபத்தில் கத்தும் இடம், சாப்பாடு வருகிற இடம், இந்த மூன்றில் மொழிபெயர்ப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் ஒரே ஒரு பக்கத்தை ஒப்பிடுங்கள். விட்டுப்போன வாக்கியம் இருந்தால் அங்கேயே அகப்படும். கதை விஷயத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எதையும் சொல்லாதீர்கள். நாவல் பற்றி உங்களுக்கு நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், உங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், குமரி மாவட்டப் பின்னணியில் எழுதப்பட்ட ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். நான் தஞ்சாவூர்க்காரன். நாவலில் புது மருமகள் மீன்குழம்பு வைக்கிறாள். மாமியார் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். அதை நான் 'ஒத்துக்கொள்ளாது, வேண்டாம்' என்கிற மாதிரி எடுத்துக்கொண்டு, 'ஒற்றைச் சொல்லில் மருமகளை உதாசீனம் செய்யும் மாமியாரை ஆசிரியர் அபாரமாகக் காட்டியிருக்கிறார்' என்று பாராட்டி வேறு எழுதினேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. எங்கள் பக்கம் 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள், அந்த மாமியார் நல்லவர், மதிப்புரையாளர் நாவலைத் தலைகீழாகப் படித்திருக்கிறார் என்று நான்கே வரி. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். நாவலாசிரியர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எனக்குத் தெரியாத வட்டாரச் சொல்லுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் பொருள் எழுதுவதில்லை. உங்களுக்கு என்னைவிடக் காதுகள் கூடுதலாக இருக்கின்றன. தமிழ்நாட்டின் தென்கோடிப் பேச்சை வைத்து எழுதப்படும் கதைகள் உங்கள் கைக்கு வந்தால் நழுவ விடாதீர்கள்.

ஊர் வரலாற்று நூலுக்கு வருகிறேன். அதை எழுதியவர் உங்களுக்கு அண்ணன் மாதிரி என்பதால் நீங்கள் அதற்கு மதிப்புரை எழுதக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நல்ல நூலாக இருந்தாலும் எழுதக் கூடாது, அவர் உங்களுக்கு வேண்டியவர் என்று தெரிந்தவர்கள் நாகர்கோவிலில் எத்தனை பேர் இருப்பார்கள்! உங்கள் பாராட்டு அவருக்கே பயன்படாமல் போகும். இதழுக்கு ஒரு வரி எழுதி, 'இவர் என்னோடு பணியாற்றியவர், வேறொருவரிடம் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்புங்கள். அவர் கேட்டால், "சார், நான் எழுதினா நம்ம ஆளு எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. வெளியாள் யாராவது எழுதட்டும், அதுதான் உங்களுக்கு மரியாதை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு இது புரியாமல் போகாது.

ஆனால் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி வேறு இருக்கிறது. அவரிடமே ஒரு பிரதி வாங்கி முழுக்கப் படித்து, ஒரு மதிப்புரையாளர் எங்கெல்லாம் கை வைப்பாரோ அந்த இடங்களைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதலில் வருடக் கணக்கு. உங்கள் பக்கத்து ஆவணங்களில் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு வரும், கல்வெட்டுகளில் சக ஆண்டும் வரும். கி.பி. ஆண்டு கிடைக்க, சகத்தோடு 78 கூட்ட வேண்டும். கொல்லத்தோடு 825, ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலான தேதியானால் 824. திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போர் நடந்த 1741 கொல்லம் 916-ல் வருகிறது. இரண்டு கணக்கையும் மாற்றிக் கூட்டிவிட்டு, மன்னர் பிறப்பதற்கு முன்பே அவர் கொடுத்த நிலதானத்தை விவரிக்கிற ஊர் வரலாறுகள் எனக்கு வந்திருக்கின்றன. உங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. அடுத்தது ஆதாரப் பட்டியல். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, எனவே பழைய காகிதங்கள் சென்னையைவிடத் திருவனந்தபுரத்தில்தான் அதிகம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பற்றிய நாகமையாவின் 1906 ஸ்டேட் மானுவலையும் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளையும் தொடாமல், தல புராணத்தையும் செவிவழிச் செய்தியையும் மட்டும் வைத்து எழுதியிருந்தால், எழுதியவர் எவ்வளவு நல்லவரானாலும் அது குறைதான். செவிவழிச் செய்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, யார் சொன்னது, எந்த வருடம் கேட்டது என்று குறித்திருந்தால் அதுவும் ஆவணமே. கடைசியாகச் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். முந்நூறு பக்க ஊர் வரலாற்றில் ஒரு குளத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்தப் புத்தகத்தை எதற்காக வாங்குகிறார்களோ அந்த வேலையை அது செய்யவில்லை என்று ஆகிறது. இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடலாம். அவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

நன்றாக இல்லாத புத்தகத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்பதற்கு, ஆச்சரியமாக, நம் தண்டனைச் சட்டத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499-வது பிரிவு அவதூறு பற்றியது. 2024 ஜூலையிலிருந்து, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-வது பிரிவாக இருக்கிறது. புத்தகத்தை வெளியிடுகிறவர் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்குச் சமர்ப்பிக்கிறார், அதன் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்கிறது அதன் ஆறாவது விதிவிலக்கு. அதற்கு உதாரணமும் தருகிறது. இந்த நூல் முட்டாள்தனமானது, ஆகவே இதை எழுதியவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்குக்குள் வருவார். இவர் பலவீனமான மனிதர், ஒழுக்கம் கெட்டவர், அதனால் நூல் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை என்று சொன்னால் வரமாட்டார். முதல் கருத்து புத்தகத்திலிருந்து பிறந்தது, இரண்டாவது அப்படிப் பிறக்கவில்லை. நூற்றறுபது வருடத்துக்கும் மேலாக இருக்கிற இந்த உதாரணத்தைவிடத் தெளிவாக மதிப்புரையாளருக்கு யாரும் எல்லை போட்டுத் தரவில்லை. எழுதியவரின் சாதி, கட்சி, முகநூல் சண்டை எதுவும் உங்கள் மேசைக்கு வரவில்லை, புத்தகம் மட்டும்தான் வந்திருக்கிறது.

கடுமையாக எழுதுவதற்கும் ஆள் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சிறு ஊரிலிருந்து ஒருவர் கைக்காசு போட்டு நூறு பிரதி அச்சிட்ட முதல் தொகுப்பு மோசமாக இருந்தால், நான் எழுதுவதில்லை. பிரதியைப் பெற்றுக்கொண்டோம் என்று வரப்பெற்றோமில் சேர்த்துவிடுவேன். அவருக்குக் கடிதம் எழுத நேரம் இருந்தால் எழுதுவேன். ஆனால் பேர்பெற்ற ஒருவர், பெரிய பதிப்பகம், ஊர் முழுக்க விளம்பரம் என்று ஒரு பொய்யான வரலாறோ அரைகுறை மருத்துவமோ வந்தால், அதை எழுதாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

மேற்கோள் எவ்வளவு எடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுத உட்கார்ந்ததும் இந்தக் கேள்வி வரும். 1957-ன் பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவில், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. இத்தனை சொல் என்று வரம்பு இல்லை. நான் நாவலில் ஒரு பத்திக்கு மேலும், கவிதையில் பாதிக்கு மேலும் போவதில்லை. ஆறே வரிக் கவிதையை முழுக்கப் போட வேண்டியிருந்தால் கவிஞரிடம் கேட்டுவிடுகிறேன். எடுப்பதை எழுத்துப் பிசகாமல் எடுங்கள், பக்க எண்ணை உங்கள் பிரதியில் குறித்து வையுங்கள். மதிப்புரையாளரே மேற்கோளில் பிழை விட்டுவிட்டு, கடைசிப் பத்தியில் 'அச்சுப்பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

முழுக்கப் படிக்க வேண்டுமா? நாவல், கவிதை, சிறுவர் நூல், வரலாறு எல்லாம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால், முன்னுரை எழுதியவர் சொன்னதையே நீங்களும் கண்டுபிடிப்பீர்கள். சமையல் நூல், அகராதி, கட்டுரைக் களஞ்சியம் போன்றவற்றை அப்படிப் படிக்க முடியாது. எதைப் படித்தேன், எதைச் செய்து பார்த்தேன் என்று மதிப்புரையிலேயே சொல்லிவிடுங்கள். உரிமைப் பக்கத்தை எல்லா நூலிலும் பாருங்கள். 'முதற் பதிப்பு' என்றிருப்பதெல்லாம் புது நூல் அல்ல. 1949-ல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கி எத்தனையோ ஆசிரியர்களின் படைப்புகள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எந்தப் பழைய பதிப்பை வைத்து அச்சிட்டார்கள் என்று சொல்லாத புத்தகம் வந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

பிறகு சில சொற்களை ஆறு மாதத்துக்கு எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்', 'தமிழுக்குக் கிடைத்த நல்வரவு', 'வாசகரைக் கட்டிப்போடும் நடை', 'ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்'. இவை பொய் என்று சொல்லவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அந்த வாக்கியம் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, எந்தப் பக்கத்தில் எனக்கு அப்படித் தோன்றியது என்று தேடுங்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள்.

பணம் வாங்க வேண்டாம். எழுத்தாளரிடமும் வேண்டாம், பதிப்பகத்திடமும் வேண்டாம். இதழ் தரும் சன்மானம் உங்கள் உழைப்புக்கு உரியது. அதைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. உங்களிடம் பணம் தருகிறேன் என்றவருக்கு, புத்தகத்தை இதழ் முகவரிக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று மதிப்புரையாளருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. அது காலகாலமாக உள்ள முறை. நீங்கள் சொந்தமாக எழுதும் இடத்தில், இலவசமாக வந்த பிரதி என்றால் அதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மதிப்புரைப் பிரதிகளைப் பழைய புத்தகக் கடையில் போடாதீர்கள், 'மதிப்புரைக்காக' என்ற முத்திரையோடு அதை எழுதியவரே அங்கே பார்க்க நேர்வது கொடுமை. நான் வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கொடுத்துவிடுகிறேன். உங்களுக்குப் பள்ளி நூலகமே இருக்கிறது.

சரி, வேலையை எதிலிருந்து தொடங்குவது? ஊர் வரலாற்றை நாளைக்கே தபாலில் திருப்பி அனுப்புங்கள், வைத்திருந்தால் மனம் மாறும். கவிதைகளை இன்று இரவு வாய்விட்டு வாசித்துவிட்டு மூடி வையுங்கள், அது பாட்டுக்கு உள்ளே ஊறட்டும். சிறுவர் கதைக்குப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு விளையாட்டு வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாவலுக்கு அரையாண்டு விடுமுறை வருகிறது. முதல் மதிப்புரையாகச் சமையல் நூலை எழுதி அனுப்புங்கள், முந்நூறு சொல் போதும். குதிரைவாலியோ வரகோ எது கிடைக்கிறதோ அதை வாங்கி, அளவை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டு தொடங்குங்கள்.